வாய்க்கால் மனுவில் தொடங்கிய ஓவியம்

1893-ஆம் வருடம், பிரான்ஸில் ஜிவெர்னி என்ற சின்ன ஊரில் குடியிருந்த ஒருவர், பக்கத்து வாய்க்காலிலிருந்து தன் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்ப அனுமதி கேட்டு, நம்ம ஊர் கலெக்டருக்குச் சமமான அதிகாரியிடம் மனு கொடுத்தார். எப்த் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் அது. ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குளத்தில் அவர் போடப்போகும் வெளியூர்ச் செடியால் தண்ணீர் கெட்டுப்போகும், மாடு கன்று குடிக்க ஆகாது என்றார்கள். அவருக்கு வந்த கோபத்தில், வாங்கிய செடியையெல்லாம் தூக்கி ஆற்றில் போடு என்று மனைவிக்கு எழுதினார். அப்புறம் கோபம் தணிந்து அதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். இது கண்ணுக்கு இன்பமாக ஒரு குளம், கூடவே எனக்கு வரைவதற்கும் ஆகும், அவ்வளவுதான் என்று. ஜூலையில் அனுமதி வந்தது.

கும்பகோணம் பக்கம் இந்தக் கதையைச் சொன்னால், அந்த ஓவியர் யார் என்று யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். "கீழ்ப்பாசனக்காரன் என்ன சொன்னான்?" என்றுதான் கேட்பார்கள். மதகு வைத்தவனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நடக்கும் சண்டை நமக்குப் பழக்கம். அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். ஆனால் அல்லி வளர்த்து வேடிக்கை பார்க்கத் தண்ணீர் வேண்டும் என்று இங்கே எவனாவது மனு கொடுத்திருந்தால், ஊரே சிரித்திருக்கும்.

அந்த மனுக்காரர் பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே. அப்போது வயது 52. அந்தக் குளத்தை அவர் அடுத்த முப்பது வருடம் வரைந்தார். கடைசிப் பன்னிரண்டு வருடத்தில் வரைந்த ராட்சத அளவுப் படங்களில் ஒன்றை 1955-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வாங்கியது. மூன்று வருடத்தில் அது எரிந்துபோனது. அதற்குப் பதிலாக இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கினார்கள். இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது இரண்டாவது வாங்கியதை. செத்த ஓவியரின் பட்டறையில் முப்பது வருடம் கேட்பாரற்றுக் கிடந்த படங்களை, திடீரென்று அருங்காட்சியகங்கள் போட்டிபோட்டு வாங்கியது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் பூவைப் பற்றிக் கொஞ்சம். நம் குளங்களில் இருக்கும் வெள்ளை அல்லியும் செவ்வல்லியும் சாயங்காலம் விரியும். விடிந்து வெயில் ஏறினால் சுருங்கிக்கொள்ளும். நிலவைப் பார்த்து மலரும் பூ என்று புலவர்கள் சொன்னது வெறும் கற்பனையில்லை, அதிகாலையில் குளத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். மோனே வளர்த்தது வேறு வகை. லத்தூர்-மார்லியாக் என்ற பிரெஞ்சு நாற்றுப்பண்ணைக்காரர், குளிர் தாங்கும் ஐரோப்பிய வெள்ளை அல்லியோடு மற்ற நாட்டு இனங்களைக் கலந்து, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று கலர் கலராக உண்டாக்கி, 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்திருந்தார். அந்தச் செடிகள் பகலில் விரிந்து பிற்பகலில் மூடும். வரைகிறவனுக்கு அது பெரிய வசதி. நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தில் பூவும் விரிந்திருக்கும். குளத்தைக் கவனிக்கத் தனியாக ஒரு தோட்டக்காரர் வைத்திருந்தார். அவர் காலையில் படகில் போய் இலைமேல் படிந்த தூசியைக் கழுவிவிட வேண்டும். இலையைக் கழுவ ஒரு ஆளா என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு எதிரே போகிற ரோட்டிலிருந்து புழுதி வருகிறது என்று அந்த ரோட்டுக்குத் தார் போடவே காசு கொடுத்தவர் அவர்.

அவர் வரைந்ததைக் குளத்தின் படம் என்று சொல்வது பாதிதான் சரி. தொடக்கத்தில் வரைந்தவற்றில் பாலம் இருக்கும், கரை இருக்கும். போகப்போகக் கரை மறைகிறது, வானமும் மேலே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. மேல் எது கீழ் எது என்று பிடிகிடையாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தபின், நடவுக்கு முன்னால் சேறடித்து நிரப்பிய வயலை வரப்பில் நின்று பார்த்தால் இதே நிலைதான். மேகம் காலடியில் கிடக்கும். ஒரு கொக்கு வந்து இறங்கினால்தான் அது தண்ணீர் என்று உறைக்கும். மோனேயின் அல்லி இலைகள் அந்தக் கொக்கின் வேலையைச் செய்கின்றன.

1911-ல் மனைவி ஆலிஸ் இறந்தார். 1914-ல் மூத்த மகன் ஜான். அதே வருடம் முதல் உலகப் போர் தொடங்கியது. எழுபது தாண்டிய அந்த மனிதர் அப்போதுதான் தோட்டத்தில் பெரிய கொட்டகை ஒன்று கட்டி, இரண்டு மீட்டர் உயரமும் நாலு மீட்டருக்கு மேல் நீளமுமான சீலைகளை, அதாவது படம் வரையும் கான்வாஸ் துணிகளைச் சக்கரம் வைத்த சட்டங்களில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். இதற்கு நடுவில் கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. 1912-லேயே இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

கண்புரை என்பது டெல்டாவில் எந்தக் குடும்பத்துக்கும் விளக்க வேண்டாத விஷயம். முகாம் பேனர் இல்லாத கடைத்தெரு உண்டா? என் அப்பாவுக்கு வலது கண்ணில் அறுவை முடிந்து, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "நீலம் ஜாஸ்தியாப் போட்டுட்டியா?" என்று கேட்டார். அம்மா எப்போதும் போடுகிற அதே ரெண்டு சொட்டுதான். வேட்டி மாறவில்லை. அவர் கண்ணிலிருந்த மஞ்சள்தான் போயிருந்தது. இடது கண்ணை மூடி, வலது கண்ணை மூடி, மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கண்ணில் வெள்ளை வேட்டி, இன்னொரு கண்ணில் காவி ஏறிய வேட்டி.

நடப்பது இதுதான். வயதாக ஆக விழிக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறுகிறது. நீல ஒளியை அது உறிஞ்சிக்கொள்வதால் உலகம் மெல்ல மெல்ல மஞ்சளாகி, செம்பழுப்பாகிறது. மெதுவாக நடப்பதால் பார்க்கிறவருக்கு உறைப்பதில்லை. மோனேவுக்கு உறைத்தது, ஏனென்றால் அவருக்கு அதுதான் தொழில். எந்தக் கலர் என்று கண்ணை நம்பாமல், குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தும், தட்டில் வைக்கும் வரிசையை மாற்றாமலும் சமாளித்தார். 1923-ல் டாக்டர் கூத்தலா வலது கண்ணில் அறுவை செய்தார். இன்றைக்கு மாதிரி உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கும் வழி அப்போது கிடையாது. அது 1949-ல் தான் வந்தது. லென்ஸை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். எல்லாமே நீலமாகத் தெரிகிறது என்று மோனே புலம்பினார். இடது கண்ணில் கைவைக்கக் கடைசிவரை அவர் விடவில்லை.

ஆகவே கடைசிக் காலப் படங்கள் புரையால் வந்தவை என்று ஒரு பேச்சு உண்டு. குளத்தின்மேல் இருந்த ஜப்பானியப் பாணிப் பாலத்தை அவர் 1918-க்குப் பிறகு வரைந்த சில சின்னப் படங்களில் செம்மையும் பழுப்பும் தீப்பிடித்த மாதிரி இருப்பது உண்மைதான், அதில் கண்ணுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் பெரிய அல்லிப் படங்கள் எல்லாவற்றையும் டாக்டர் சீட்டில் எழுதிவிடுவது சோம்பேறித்தனம். புரை முற்றுவதற்கு முன்பே கரையை எடுத்தவர் அவர். அறுவைக்குப் பின் நீலம் திரும்பிய கண்ணோடு பழைய சீலைகளைப் பார்த்து, சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை அழித்தார், மற்றதை அப்படியே விட்டார். விட்டதும் அவர் முடிவுதான்.

அருங்காட்சியகக் கதைக்கு வருவோம். ஓர் அருங்காட்சியகம் ஒரு படைப்பைத் தன் சேகரிப்பில் சேர்ப்பதைக் கையகப்படுத்தல் என்று எழுதுகிறார்கள். நம் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் புறவழிச்சாலைக்கு நிலம் எடுப்பதுதான் ஞாபகம் வரும். அதனால் 'சேர்ப்பு' என்றே சொல்கிறேன். சேர்ப்பு மூன்று வழியில் நடக்கும்: விலைக்கு வாங்குவது, கொடையாகப் பெறுவது, உயில் மூலம் வருவது. மோனேயின் கடைசிப் படங்கள் மூன்று வழியிலும் போயிருக்கின்றன.

முதலில் கொடை. 1918 நவம்பர் 11-ல் போர் முடிந்தது. மறுநாளே மோனே தன் நண்பரும் பிரதமருமான க்ளெமான்சோவுக்கு எழுதினார்: வெற்றிக்கு என் பங்காக இரண்டு படங்களை நாட்டுக்குத் தருகிறேன். க்ளெமான்சோ லேசில் விடுகிற ஆளில்லை. இரண்டு, பேசிப் பேசி இருபதைத் தாண்டியது. ஆனால் மோனேவும் சும்மா கொடுக்கவில்லை. 1867-ல் பாரிஸின் அரசாங்க ஓவியக் கண்காட்சியான சலோன் திருப்பி அனுப்பிய அவருடைய இளவயதுப் படமான 'தோட்டத்துப் பெண்க'ளை அரசு 2,00,000 ஃபிராங்க் கொடுத்து வாங்க வேண்டும் என்று நின்றார். 1921-ல் அரசு வாங்கியது. வாலிபத்தில் சலோன் அவமானப்படுத்திய படத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, கிழ வயதுப் படங்களை இனாமாகத் தந்திருக்கிறார். கும்பகோணத்து வியாபாரிகள் மெச்சுகிற கணக்கு.

1922-ல் பத்திரம் எழுதிக் கையெழுத்தானது. இடம், பாரிஸில் துய்லரி தோட்டத்தின் ஓரத்தில், ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் வைத்துக் காக்க 1852-ல் கட்டிய ஓரான்ஜரி என்ற நீண்ட கட்டடம். அதற்குள் முட்டை வடிவில் இரண்டு கூடங்கள், மேலிருந்து பகல் வெளிச்சம், சுவரோடு சுவராகப் படங்கள். கெடுவெல்லாம் தாண்டியும் மோனே படங்களை அனுப்பவில்லை. இன்னும் முடியவில்லை, இன்னும் முடியவில்லை என்றே இழுத்தார். 1925-ல் கொடையையே திரும்பப் பெறுகிறேன் என்றபோது க்ளெமான்சோ கொதித்துப்போனார். ஒருவழியாக 1926 டிசம்பர் 5-ல் மோனே இறந்த பிறகுதான் சீலைகள் கொட்டகையை விட்டு வெளியே வந்தன. 1927 மே மாதம் கூடங்கள் திறந்தன. 22 சீலைகள், 8 படங்கள், நீட்டிப் பிடித்தால் சுமார் 91 மீட்டர், அதாவது 300 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் படுக்கப் போட்டாலும் இதில் மிச்சம் இருக்கும்.

ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை. பொருளைக் கோணம் கோணமாக உடைத்து வரையும் க்யூபிசம் வந்து, கனவில் வருவதைப்போல வரையும் சர்ரியலிசம் வந்து, உலகம் கோடும் கோணமுமாக யோசித்துக்கொண்டிருந்த நேரம். கிழவரின் கலங்கிய குளம் யாருக்கு வேண்டும்? 1944-ல் பாரிஸ் விடுதலைச் சண்டையில் ஒரு குண்டு வந்து விழுந்து படத்துக்குச் சேதம். 1960-களில் வேறொரு சேகரிப்பை வைக்க இடம் வேண்டும் என்று கூடங்களின் தலைக்குமேல் இன்னொரு தளத்தையே கட்டி, பகல் வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள். வெளிச்சத்துக்காகவே பத்திரம் எழுதியவரின் படங்கள் மின்விளக்கில் நாற்பது வருடம் கிடந்தன. அந்தத் தளத்தை இடித்து 2006-ல் மறுபடி திறந்தபோதுதான் வானம் உள்ளே வந்தது. அரசு படங்களை வாங்கிக்கொண்டது, பத்திரமாகவும் வைத்திருந்தது, ஆனால் என்ன வாங்கினோம் என்று அதற்குப் புரிய எண்பது வருடம் ஆனது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நம் கோயில் சுவர்களில் சுண்ணாம்பு அடித்தவர்களும் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லையே.

பாரிஸுக்குப் போகாத சீலைகள் ஜிவெர்னி கொட்டகையிலேயே தங்கின. வாரிசு, இளைய மகன் மிஷேல். பெரும்பாலான சீலைகளில் கையெழுத்தே இல்லை, ஏனென்றால் முடிந்தது என்று தோன்றாத எதிலும் மோனே கையெழுத்துப் போடமாட்டார். பின்னால் அவற்றில் கையெழுத்து முத்திரை குத்தினார்கள். கீழ் மூலையில் 'க்ளோட் மோனே' என்று இருக்கும், அது பேனாவுமில்லை தூரிகையுமில்லை, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒன்று. கடைசிக் கால மோனே ஒன்றைச் சோதிப்பவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஒரு படம் முடிந்ததா இல்லையா என்பதை ஓவியர் சொல்லாமல் போய்விட்டார், முத்திரை சொல்கிறது. வினோதம்தான்.

1952-ல் எல்ஸ்வொர்த் கெல்லி என்ற இளம் அமெரிக்க ஓவியர் ஜிவெர்னிக்குப் போய், கவனிப்பாரற்ற கொட்டகையில் அந்தப் பெரும் சீலைகளைப் பார்த்தார். திரும்பி வந்து முழுக்கப் பச்சையிலேயே ஒரு படம் வரைந்தார். அதே 1952-ல் ஆந்த்ரே மாசோன் என்ற பிரெஞ்சு ஓவியர், ஓரான்ஜரி கூடங்களை இம்ப்ரெஷனிசத்தின் (மோனே சார்ந்த ஓவியப் பாணி அது) சிஸ்டைன் தேவாலயம் என்று எழுதினார். சிஸ்டைன் என்பது மைக்கலாஞ்சலோ கூரையில் ஓவியம் தீட்டிய ரோம் தேவாலயம். முடிச்சு நியூயார்க்கில் அவிழ்ந்தது. அங்கே ஜாக்சன் பொலாக்கும் மார்க் ராத்கோவும் சுவரளவு சீலைகளில், நடுவென்று ஒன்றில்லாத, ஓரம்வரை ஒரே அடர்த்தியான படங்களை வரையத் தொடங்கிச் சில வருடம் ஆகியிருந்தது. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணோடு திரும்பியபோது, கிழவரின் குளம் புதிதாகத் தெரிந்தது. முன்னோடியைப் பின்னால் வந்தவர்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1929-ல் திறந்தபோது நடத்திய முதல் கண்காட்சி செசான், கோகன், ஸெரா, வான்கோ என்ற நாலு ஓவியர்களுடையது. நவீனம் இவர்களிடமிருந்து தொடங்குகிறது என்பது அதன் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் போட்ட கோடு. மோனே அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பழைய காலம். அதே பார்தான் 1955-ல், கொட்டகையில் தங்கிப்போன சீலைகளில் சுமார் 18 அடி நீளமான ஒன்றை வாங்கினார். அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று அந்தப் பெரிய படங்களில் ஒன்றை வாங்கியது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு வரிசை கட்டி நின்றார்கள். மூன்று சீலையாக மோனே வரைந்த ஒரே படத்தை செயின்ட் லூயிஸ் 1956-ல் ஒன்று, கான்சஸ் சிட்டி 1957-ல் ஒன்று, கிளீவ்லாண்ட் 1960-ல் ஒன்று என்று பிரித்து வாங்கின. பாகப்பிரிவினையில் கூடத்தைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்த வீடு மாதிரி. இன்றும் மூன்றும் மூன்று ஊரில்தான் இருக்கின்றன, எப்போதாவது கண்காட்சிக்கு ஒன்றுசேர்க்கிறார்கள்.

1958 ஏப்ரல் 15. நியூயார்க் அருங்காட்சியகத்தில் குளிர்சாதன வேலை நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் வேலையாட்கள் பிடித்த சிகரெட், பக்கத்தில் பெயின்ட் டப்பாக்கள், மரத்தூள். இரண்டாவது தளத்தில் தீ பிடித்தது. மின்பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். அப்போது அங்கே சிகாகோவிலிருந்து இரவல் வந்திருந்த ஸெராவின் 'லா கிராந்த் ஜாத்' தப்பித்தது. சிகாகோ அதற்கப்புறம் அந்தப் படத்தை வெளியே அனுப்புவதே இல்லை. மோனேயின் 18 அடிப் படத்தை எடுக்க முடியவில்லை. அவ்வளவு நீளத்தைப் புகைக்குள் எந்த வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது? அதோடு இன்னொரு சின்ன அல்லிப் படமும் போனது.

எனக்கு வியப்பு தந்தது அதற்கடுத்து நடந்ததுதான். முப்பது வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத வகைப் படம், மூன்றே வருடம் சுவரில் தொங்கியிருக்கிறது. எரிந்துவிட்டது என்றதும் மக்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பழைய வாடிக்கையாளர் தவறினால் காபிக் கடைக்காரர் விசாரிக்கிற மாதிரி. 1959-ல் பாரிஸ் வியாபாரி கட்யா கிரானோஃபிடமிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் உயரமும் நாலேகால் மீட்டர் நீளமுமான மூன்று சீலைகள் கொண்ட படத்தை அருங்காட்சியகம் வாங்கியது. மொத்தம் 12.76 மீட்டர், ஏறக்குறைய 42 அடி. எரிந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

மூன்றாவது வழியான உயில் 1966-ல் வந்தது. மிஷேல் கார் விபத்தில் இறந்தார். வாரிசில்லாத அவர் எழுதிவைத்தபடி மிச்சப் படங்கள் பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்துக்குப் போயின. நூறுக்கும் மேல். உலகத்தில் மோனே படங்கள் அதிகமாக இருக்கும் இடம் இன்று அதுதான்.

இதையெல்லாம் நான் நேரில் பார்த்து எழுதவில்லை. 42 அடியைப் போனில் ஆறங்குலத்தில் பார்த்தவன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் பூ கரைந்துவிடுகிறது. வெளிர்சிவப்பில் ஒரு இழுப்பு, மேலே வெள்ளைக் கட்டி, ஓரத்தில் காய்ந்த தூரிகை தேய்ந்த தடம். கட்டியின் மேல்விளிம்பு கொஞ்சம் உடைந்திருக்கிறது, முந்தைய பூச்சு காய்ந்த பிறகு பல நாள் கழித்து மறுபடி போட்டது என்று தெரியும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும் சாமான். மோனே அவசரப்படவில்லை, காயவிட்டு மறுபடி மேலே போட்டார். ஒரே சீலைக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வர முடிந்தது. அருங்காட்சியகச் சீட்டில் '1914-26' என்று பன்னிரண்டு வருடத்தைப் போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான்.

இது எதுவும் நம் சுவர்களுக்குத் தெரியாத வேலையில்லை. பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் சோழர் காலத்து ஓவியம், அதன்மேல் நாயக்கர் காலத்து ஓவியம். மேலது உதிர்ந்த இடத்தில் கீழே இன்னொன்று இருப்பதை 1931-ல் பேராசிரியர் கோவிந்தசாமி பார்த்துச் சொல்லும்வரை வெளியுலகுக்குத் தெரியாது. தொல்லியல் துறை பின்னால் நாயக்கர் பூச்சைச் சுவரிலிருந்து பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தது. சுவரில் இருந்தது இப்படிக் கழன்று பலகைக்கு வந்தது. ஓரான்ஜரியில் நடந்தது நேர் எதிர்: கழற்றி மாட்டக்கூடிய சீலைகளைக் கொண்டுபோய்ச் சுவரோடு பசைபோட்டு ஒட்டினார்கள், இனி எவரும் விற்கவும் முடியாது, இரவல் கேட்கவும் முடியாது. அந்த ஒட்டியவற்றைத் தவிர்த்து மீந்தவைதான் அமெரிக்கா போனவை.

நியூயார்க் பதிவேட்டில் அந்த மூன்று சீலைக்கும் எண் 666.1959. புள்ளிக்குப் பின்னால் இருப்பது சேர்த்த வருடம். படம் 1914-26-ல் வரைந்தது. அது எரிந்த படத்துக்குப் பதில் என்பதை எண் சொல்லாது, அந்த 1959-ஐப் பார்த்துக் கணக்குப் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.